எண்ணிக்கையில் தெரியாத சுமை

அனைவருக்கும் வணக்கம்.

2002ஆம் ஆண்டு ஜூலை 1, இரவு நேரம். ஸ்விட்சர்லாந்தின் சூரிச் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் இரண்டு பேர் பணியில் இருந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். இரவில் விமானங்கள் குறைவு, ஒருவரே பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே பழகிப்போன ஏற்பாடு. நிர்வாகத்துக்கும் அது தெரியும். விமானங்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் அந்த ஏற்பாட்டில் தவறே தெரியாது. அன்று இரவு 11.35 மணிக்கு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதிக்கொண்டன. 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இந்த விபத்து என்றாலே விமானத்துக்குள் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கருவி ரஷ்ய விமானத்தை மேலே ஏறச் சொன்னது, கட்டுப்பாட்டாளர் கீழே இறங்கச் சொன்னார், விமானிகள் கட்டுப்பாட்டாளர் பேச்சைக் கேட்டு இறங்கினார்கள். சரி, அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய சில நிமிடங்களில் அந்தத் தனி மனிதர் எதையெல்லாம் சுமந்துகொண்டிருந்தார் என்பதைத்தான் நான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அன்று அங்கே பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ரேடார் குறைந்த வசதிகளோடு ஓடியது. இரண்டு விமானங்கள் நெருங்கினால் திரையில் காட்டும் எச்சரிக்கை வேலை செய்யவில்லை. வேலை செய்யவில்லை என்பதையும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்திருந்தார்கள், மாற்று இணைப்பிலும் பழுது. அந்த நேரம் பார்த்துத் தாமதமாக வந்த ஏர்பஸ் விமானம் ஒன்று ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் விமான நிலையத்தில் இறங்க வேண்டியிருந்தது. அதை வேறொரு மேசையில், வேறொரு அலைவரிசையில் கவனிக்க வேண்டும். அந்த விமான நிலையத்தைக் கூப்பிட்டுப் பார்க்கிறார், இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி முயல்கிறார். இதற்கிடையே அந்த ரஷ்ய விமானமும் சரக்கு விமானமும் ஒரே உயரத்தில், 36,000 அடியில், ஒன்றை நோக்கி ஒன்று வந்துகொண்டிருந்தன. பக்கத்து மையமான கார்ல்ஸ்ரூவில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவரை அழைக்க முயன்றார்கள். தொலைபேசிதான் இல்லையே!

அவர் கவனித்தபோது மோதலுக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். சரக்கு விமானம் இடதுபக்கத்திலிருந்து வர, வலதுபக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். பிறகு, பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணி ஏர்பஸ் பக்கம் திரும்பிவிட்டார்.

நண்பர்களே, இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஏற்புடையதல்ல. அவர் கவனத்தில் குறைவு இல்லை. கவனம் முழுவதும் செலவாகிவிட்டிருந்தது.

மனிதர்கள் கருவிகளோடும் சூழலோடும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஆராயும் மனிதக் காரணிகள் உளவியலில் மனச்சுமை என்று சொல்வது இதைத்தான். கையில் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணினால் மனச்சுமை பிடிபடாது. அந்த வேலைகளுக்குக் கொடுத்தது போக மூளையில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த மிச்சம் குறையும்போது முடிவெடுக்கும் முறையே மாறுகிறது. 1971இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஷான் கிளோட் ஸ்பெராண்டியோ இதை விமானக் கட்டுப்பாட்டாளர்களிடமே காட்டினார். விமானங்கள் குறைவாக இருக்கும்போது, ஒவ்வொன்றின் வேகத்தையும் தன்மையையும் பார்த்து, தனித்தனியாக வழி வகுக்கிறார்கள். விமானங்கள் கூடக்கூட, எல்லாவற்றையும் ஒரே வழக்கமான பாதையில் அனுப்பிவிடுகிறார்கள். இது சோம்பல் இல்லை. கையிருப்புக் கவனத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் திறமை. அந்தச் சிக்கனத்துக்கும் இடமில்லாமல் போகும்போதுதான் முதலில் தோன்றிய தீர்வைப் பிடித்துக்கொண்டு, அது பலித்ததா என்று திரும்பிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகிறோம். அன்று சூரிச்சில் நடந்ததும் அதுதான் என்பது என் கருத்து.

இந்த மிச்சத்தை அளப்பது எப்படி? கண்மணியைப் பார்த்து அளக்கலாம். 1966இல் டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் செய்த சோதனையில், நினைவில் வைக்க வேண்டிய எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கண்மணி விரிந்தது. திருப்பி ஒப்பிக்க ஒப்பிக்கச் சுருங்கியது. இதயத் துடிப்பைப் பார்க்கலாம். முக்கிய வேலையோடு ஒரு சின்ன வேலையையும் கொடுத்து, அது எப்போது தடுமாறுகிறது என்று பார்க்கலாம். இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தும்.

எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் ஒரு தாளில் அடங்கிவிடும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சாண்ட்ரா ஹார்ட், லோவல் ஸ்டேவ்லண்ட் ஆகிய இருவரும் உருவாக்கி 1988இல் வெளியிட்டது, நாசா டிஎல்எக்ஸ், அதாவது வேலைச்சுமைக் குறியீடு. ஆறே கேள்விகள். மூளைக்கு எவ்வளவு வேலை? உடலுக்கு எவ்வளவு? நேர நெருக்கடி எவ்வளவு? வேலையை எந்த அளவு சரியாக முடித்தீர்கள்? அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது? எவ்வளவு எரிச்சலும் மனத்தளர்ச்சியும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டில் குறி போட வேண்டும், அவ்வளவுதான்.

இதில் நான்காவது கேள்வியையும் ஐந்தாவதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு செவிலியர்கள், ஒரே இரவு, ஒரே எண்ணிக்கையில் நோயாளிகள், இருவரும் ஒரு தவறும் செய்யவில்லை. ஒருவர் பாடுபட்ட அளவு நூற்றுக்கு 30 என்கிறார், இன்னொருவர் 90 என்கிறார். மேற்பார்வையாளரின் பதிவேட்டில் இருவரும் ஒன்றுதான். ஆனால் இரண்டாமவரின் வார்டில் ஒரு மானிட்டர் பழுதாகட்டும், ஒரு மருந்து ஸ்டாக் தீரட்டும், அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை. தவறு நடக்கும் வரை தவறே தெரியாது என்பதுதான் இந்தச் சுமையின் ஆபத்து.

சூரிச்சில் அந்தக் கட்டுப்பாட்டாளரிடம் யாரும் அதற்கு முன் இப்படிக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. 2004 பிப்ரவரியில், அந்த விபத்தில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்த ஒருவர், அவருடைய வீட்டுக்கே போய் அவரைக் கொன்றார். 2007 செப்டம்பரில் ஸ்விஸ் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டு மையத்தை நடத்திய நிறுவனத்தின் எட்டுப் பேரை விசாரித்து, நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. பொறுப்பு அந்த நாற்காலியோடு முடிவதில்லை என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டபோது, அந்த நாற்காலியில் இருந்தவர் உயிரோடு இல்லை. இதை எப்போது சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இங்கே செவிலியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். இந்தத் தாள் நாசாவின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மாதம், ஒவ்வொரு பணிநேர முடிவிலும் குறி போட்டு வையுங்கள். எந்த இரவில் எது பழுதாக இருந்தது, யார் வரவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்புறம் அதை நோயாளி எண்ணிக்கையோடு சேர்த்து நிர்வாகத்தின் முன் வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தாளில் பெயர் வேண்டாம், அதை வாங்கிச் சேர்ப்பவர் உங்கள் மேலதிகாரியாகவும் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் எல்லோருமே 30 என்றுதான் போடுவோம்.