காது கேளாத அரசியலே! (டர்பன் பொங்கல் விழாப் பட்டிமன்ற உரை)

நடுவர் அம்மா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, என் அணித் தோழர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

டர்பனில் பொங்கலன்று தமிழில் ஒரு பட்டிமன்றம் நடப்பதே எனக்கு நெஞ்சு நிறைந்த விஷயம். இங்கே இருப்பவர்களில் பலருக்கு நான் பேசுவதில் பாதிதான் புரியும் என்று தெரியும். புரியாததைப் பக்கத்தில் இருக்கும் ஆயாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவது அவர்களுடைய கதையும்தான்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். தென்னாப்பிரிக்க மக்களின் கொதிப்புக்குப் பெரிய காரணம் விலைவாசியும் ஏற்றத்தாழ்வுமா, காது கேளாத அரசியலா? காது கேளாத அரசியலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் சொன்ன எந்தக் கணக்கையும் நான் மறுக்கவில்லை. இந்த நாட்டில் பத்தில் ஒரு பங்கு மக்களிடம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் சொத்து இருக்கிறது என்று உலக வங்கி 2022ல் சொன்னது உண்மை. 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட் என்பதும் உண்மை. அந்தக் கூலியில் ஒரு குடும்பம் நடத்துவது எப்படி என்று அவர் கேட்டபோது என் கண்ணும் கலங்கியது. ஆனால் அப்புறம் ஒன்று கேட்டார்: "வயிறு எரிகிறவனுக்கு வார்டு கவுன்சிலர் நினைவுக்கு வருவாரா?"

வருவார் அண்ணா. வயிறு எரியும்போதுதான் வருவார்.

என் ஆயா டர்பன் நகரத்துக்குள் இருந்த மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். நகராட்சியில் குப்பை அள்ளியவர்களும் தெருக் கூட்டியவர்களும் குடியிருந்த இடம் அது. பெரும்பாலும் தமிழர்கள். ஒரே ஒரு டின் மீன், அதில் நிறைய தக்காளி, நிறைய வெங்காயம், ஏழு பேருக்குக் குழம்பு. இதைச் சொல்லும்போதெல்லாம் ஆயா சிரிப்பார். மீன் துண்டு யார் தட்டில் விழுந்தது என்று இன்றைக்கும் தம்பியோடு சண்டை போடுவதுபோலச் சொல்வார். ஆனால் 1960களில், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழு வாழிடச் சட்டத்தின்படி பாரக்ஸைக் காலி செய்துவிட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்த நாளைப் பற்றிக் கேட்டால், அந்தச் சிரிப்பு இருக்காது. "எங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச மாட்டார். வறுமையை அந்த மனுஷி மன்னித்துவிட்டார். கேட்காமல் செய்ததை இன்னும் மன்னிக்கவில்லை.

சரி, இது ஒரு வீட்டுக் கதை, இதை வைத்து ஒரு நாட்டை எடை போடலாமா என்று எதிரணி கேட்கலாம். நம் எல்லாருடைய வரலாற்றுக்கும் வருகிறேன்.

1860 நவம்பர் 16. மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து இந்தத் துறைமுகத்தில் நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் இறங்கினார்கள். 1895ல், அன்று டர்பனை ஆண்ட நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பிப் போ, அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வை. இரண்டும் முடியாதென்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டு. முதல் வருஷத் தோட்டக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு மாதக் கூலி! பெண்களும் கட்ட வேண்டும். பிறகு 13 வயதுப் பெண் பிள்ளைகளையும் 16 வயதுப் பையன்களையும் அந்த வரிக்குள் கொண்டுவந்தார்கள்.

இதைவிடக் கொடிய விலைவாசி உண்டா? எதிரணி சொல்வதுபோல வயிற்றெரிச்சல் ஒன்றே மக்களைத் தெருவுக்கு இழுக்கும் என்றால், அந்த வரி வசூலுக்கு வந்த முதல் வருஷமே நேட்டால் முழுக்க வேலை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கடன் வாங்கிக் கட்டினார்கள், கட்ட முடியாமல் மறுபடி தோட்டத்துக்கே போனார்கள், சிறைக்குப் போனார்கள். பெரும் வேலைநிறுத்தம் வந்தது 1913 அக்டோபரில்.

இடையில் என்ன நடந்தது? 1912ல் இந்தியத் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே இங்கே வந்தார். பிரதமர் போத்தாவையும் அமைச்சர் ஸ்மட்ஸையும் பிரிட்டோரியாவில் சந்தித்தார். வரியை எடுத்துவிடுவார்கள் என்ற உறுதி கிடைத்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்திலும் சுரங்கத்திலும் ஜனங்கள் காத்திருந்தார்கள். அடுத்த வருஷம், அப்படி ஒரு உறுதியே கொடுக்கவில்லை என்றது அரசு. நடுவர் அம்மா அவர்களே, அந்த வருஷம் வரி ஒரு பென்னி கூடக் கூடவில்லை. அதே 3 பவுன்தான். கொடுத்த வாக்கு மட்டும்தான் போனது.

அப்போதுதான் டிரான்ஸ்வாலிலிருந்து நம் தமிழ்ப் பெண்கள், சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் ஆட்களிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது. நவம்பரில் எல்லையைத் தாண்டி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். கரும்புத் தோட்டங்களும் நின்றன. தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் உயிரை விட்டார். பதினாறு வயது. அந்த ஆண்டே வரி ரத்தானது.

அந்தக் கூட்டம் எதற்காக எழுந்தது? 3 பவுனுக்காக என்றால் பத்து வருஷத்துக்கு முன்பே எழுந்திருக்கும். "உன்னிடம் சொன்னோம், நீயும் சரி என்றாய், இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயே" என்பதற்காக எழுந்தது. இதைத்தான் நான் காது கேளாத அரசியல் என்கிறேன்.

1984ஐயும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று அவை நாடாளுமன்றம் என்று சொல்லி நமக்கு ஒரு அவையைக் கொடுத்தார்கள். கறுப்பின மக்களுக்கு அதில் இடமே இல்லை. நம் வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் ஓட்டுப் போடப் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அரிசி விலைக்காகவா இருந்தார்கள்?

இனி இன்றைய நாளுக்கு வருவோம். விலைவாசி விலைவாசி என்கிறீர்கள், அந்த விலை எங்கிருந்து வந்தது? மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998ல் அரசே வெளியிட்ட எரிசக்தி வெள்ளை அறிக்கை, 2007 வாக்கில் மின்சாரம் போதாமல் போகும் என்று எழுதிவைத்தது. யார் கேட்டார்கள்? 2007 கடைசியில் விளக்கு அணையத் தொடங்கியது. மின் உற்பத்திக்கு இன்னும் முதலீடு வேண்டும் என்று அரசு மின் நிறுவனமான எஸ்காம் கேட்டது சரி, அரசு மறுத்தது தவறு என்று அன்றைய அதிபர் எம்பெக்கியே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகும் லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு தீர்ந்ததா? 2023ல் மட்டும் 300 நாட்களுக்கு மேல் இருட்டு. அதே வருஷம் கட்டணம் 18.65 விழுக்காடு ஏறியது. அடுத்த வருஷம் 12.74. அதற்கு அடுத்த வருஷமும் 12.74. என் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா, பிரிபெய்ட் மீட்டரில் மீதி யூனிட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிரைண்டரைப் போடுகிறார். அவர் கட்டுகிற ஒவ்வொரு ராண்டிலும் 1998ல் படிக்காமல் வைத்த அந்த அறிக்கையின் விலையும் சேர்ந்திருக்கிறது. எதிரணி மீட்டரைக் காட்டுகிறது. அந்த மீட்டர் ஏன் இப்படி ஓடுகிறது என்பதை நான் காட்டுகிறேன்.

2025ல் வாட் வரியை உயர்த்தப் பார்த்தார்கள், நினைவிருக்கிறதா? பட்ஜெட்டே தள்ளிப்போனது. ஆளும் கூட்டணிக்குள்ளேயே சண்டை, நீதிமன்றம், மக்கள் கூச்சல். ஏப்ரலில் அந்த உயர்வைக் கைவிட்டார்கள். ஆக, கேட்க வைத்தால் விலை நிற்கிறது! விலை என்பது மழை வெயில் மாதிரி தானாக வருவதில்லை. நம் ஆயா வீட்டு டின் மீனுக்கும், பருப்புக்கும், அரிசிக்கும் இன்று வாட் கிடையாது என்றால், யாரோ போராடி, யாரோ காது கொடுத்ததால்தான்.

வேலை இல்லாதவர்களுக்கு மாதம் 370 ராண்ட் கொடுக்கிறார்களே, அதைச் சொன்னார் இன்னொரு அண்ணன், போதவில்லை என்றார். போதாதுதான். ஒரு ஆள் சாப்பிட மட்டும் மாதம் 796 ராண்ட் வேண்டும் என்று அரசின் புள்ளிவிவரத் துறையே 2024ல் கணக்குச் சொன்னது. ஆனால் அந்த 370ஐ வாங்க ஆன்லைனில் மட்டும்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி வைத்தார்களே, அதை யோசித்தீர்களா? டேட்டா வாங்கக் காசில்லாதவன் என்ன செய்வான்? அந்த விதி செல்லாது என்று 2025 ஜனவரியில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் சொன்னது. சரி, தவறு நடந்துவிட்டது, திருத்திக்கொள்கிறோம் என்றா சொன்னார்கள்? மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

இனி என் வீட்டு விஷயம் ஒன்று. போன வருஷம் எங்கள் தெருவில் மூன்று வாரம் தண்ணீர் வரவில்லை. என் அம்மாவுக்கு 71 வயது. டேங்கர் வரும் என்பார்கள், வாளியோடு போய் நிற்பார், வராது. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் கொடுப்பார்கள். அம்மா அதை முருகன் படம் போட்ட காலண்டரின் ஓரத்தில் எழுதிவைப்பார். பதினொரு நம்பர் எழுதியிருந்தார். அடுத்த முறை போன் செய்தால் பழைய நம்பரை யாரும் கேட்பதில்லை, புதிதாக ஒன்று தருவார்கள். தண்ணீர் இல்லாமல் அம்மா அழவில்லை. கடையில் பாட்டில் வாங்கினோம், சொந்தக்காரர் வீட்டிலிருந்து டிரம்மில் கொண்டுவந்தோம், சமாளித்தோம். பன்னிரண்டாவது முறை போனை வைத்துவிட்டு, "நான் பேசறது அவங்களுக்குக் கேக்குதா, இல்லையா?" என்று என்னைக் கேட்டபோதுதான் அழுதார்.

மனுநீதிச் சோழன் வாசலில் மணி கட்டியிருந்தான் என்று நம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பசு வந்து இழுத்தது, அரசன் இறங்கி வந்தான். என் அம்மா பன்னிரண்டு முறை இழுத்தார்.

டொங்காட்டில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மாதக்கணக்கில் குழாய் காய்ந்து கிடந்த ஊர் அது. வெள்ளம் வந்தது இயற்கை. மாதக்கணக்கு ஆனது இயற்கையா?

நடுவர் அம்மா அவர்களே, இப்போது சொல்வதைச் சொல்லாமல் போனால் நான் இந்த மேடையில் நிற்கத் தகுதியில்லாதவள். 2021 ஜூலைக் கலவரம். கடைகள் எரிந்தன, சூறையாடப்பட்டன. 350 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நம்மவர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் மட்டும் முப்பது பேருக்கு மேல், பெரும்பாலும் கறுப்பினச் சகோதரர்கள். பயத்தில் தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டோம். அந்தத் தடுப்புகளில் சில கொலைக்களமாகின. அதற்கு நம்மில் குற்றம் செய்தவர்கள் பொறுப்பு. அதை நான் எந்த அரசியல்வாதியின் தலையிலும் கட்டிவிட்டுத் தப்பிக்க மாட்டேன். ஆனால் அதிபர் அமைத்த நிபுணர் குழுவே என்ன சொன்னது? போலீஸ் கலவரத்தை அடக்கத் தவறியது, அரசின் மேல்மட்டத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு என்றது. கூப்பிட்டால் வர ஆள் இல்லாத இடத்தில் பக்கத்து ஊர்க்காரன் எதிரியாகத் தெரிகிறான். பீனிக்ஸிலும் வறுமை, பக்கத்து பாம்பாயியிலும் வறுமை, இனாண்டாவிலும் வறுமை. அந்த ஏற்றத்தாழ்வு அதற்கு முந்தைய மாதமும் அப்படியே இருந்தது. அந்த வாரம் இல்லாமல் போனது அரசு.

கடைசியாக ஒன்று. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் பெயர் என்ன? கை தூக்குங்கள், பார்க்கலாம். யாரும் தூக்கவில்லை. உங்கள் மேல் தவறில்லை. நம் நாட்டில் 400 பேரும் கட்சிப் பட்டியலிலிருந்துதான் வருகிறார்கள். சுயேச்சைகளுக்கே 2024ல்தான் கதவு திறந்தது. என் தொகுதி, என் எம்பி என்று விரல் நீட்டிக் கேட்க ஆளே இல்லை. தொகுதிகள் வேண்டும் என்று, தேர்தல் முறையை ஆராய அரசு அமைத்த ஸ்லாபர்ட் குழுவின் பெரும்பான்மையினர் 2003லேயே எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் அலமாரிக்குப் போனது. பட்டியலில் பெயர் வைப்பவர் கட்சித் தலைமை என்றால், உறுப்பினரின் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்?

அதனால்தான் 2021 உள்ளாட்சித் தேர்தலில் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஏறத்தாழ 2 கோடியே 78 லட்சம் பேர் பதிவு செய்திருந்தும், ஓட்டுப் போட்டவர்கள் 1 கோடியே 63 லட்சம் பேர்தான். விலைவாசி மட்டும்தான் கோபம் என்றால் ஜனங்கள் ஓட்டுச்சாவடிக்கு ஓடியிருப்பார்கள், விலையைக் குறைப்பவரைத் தேடியிருப்பார்கள். 1994 ஏப்ரலில் ஆயா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றார். அன்றைக்கும் வீட்டில் பணம் இல்லை. போன தேர்தலுக்கு ஆயா போகவில்லை. கார் கொண்டுவருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். ஏன் ஆயா என்றேன். "எங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார்.

அறுபது வருஷத்துக்கு முன் சொன்ன அதே வார்த்தை, நடுவர் அம்மா. அன்று அவருக்கு ஓட்டு இல்லை, இன்று இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள். காது கேளாத அரசியலே என்று தீர்ப்பளிக்க வேண்டிக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.