சேவல் தாழ்த்தும் ஒற்றை இறக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சேவல் பெட்டையை நெருங்கும் விதத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்க இறக்கையை மட்டும் தரையில் உரசும்படி தாழ்த்தும். சின்னச் சின்ன அடி வைத்து பெட்டையைச் சுற்றி அரை வட்டம் போடும். சில நேரம் ஒரு தானியத்தைக் கொத்தித் தூக்கும், தின்னாது, மறுபடி கீழே போடும். கூடவே விடாமல் குரல் கொடுத்து பெட்டையை அழைக்கும். குஞ்சாக இருந்தபோது இதில் எதையும் அது செய்ததில்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது?

1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்பவர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். பறவைகளுக்கு விரைகள் வயிற்றுக்குள்ளேதான் இருக்கும். இரண்டு சேவல்களுக்கு அவற்றை முழுவதும் நீக்கினார். அந்த இரண்டும் கொண்டை சிறுத்து, சண்டைக்குப் போகாமல், பெட்டைகளை ஏறெடுத்தும் பார்க்காமல் வளர்ந்தன. மற்ற நான்கில் விரையை அதன் இடத்திலிருந்து அறுத்தெடுத்து, வயிற்றுக்குள் தனியே விட்டுவைத்தார். அவற்றில் இரண்டுக்கு வைத்தது இன்னொரு சேவலின் விரை! அந்த நான்கும் கூவின, சண்டையிட்டன, பெட்டைகளைத் துரத்தின. பிறகு திறந்து பார்த்தால், அந்த உறுப்பு குடலோடு ஒட்டிப் புதிய ரத்தக் குழாய்களோடு உயிர்ப்பாக இருந்தது. பழைய நரம்புத் தொடர்பு இல்லவே இல்லை. அப்படியானால் செய்தி போனது ரத்தத்தின் வழியாகத்தான். 'ஹார்மோன்' என்ற சொல் பிறந்ததே 1905-இல். விரை சுரக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது 1935-இல். அதற்கெல்லாம் வெகு முன்பே, ஆறு சேவல்களை வைத்து ஒருவர் இதைக் கண்டுகொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, இந்த ஹார்மோன் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் பெருகுவது ஏன்? பல பறவைகளுக்குப் பகல் நீள்வதே அழைப்பு. அந்த வெளிச்சத்தை உணர்வது கண் மட்டுமல்ல. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே கசியும் ஒளியை மூளையின் ஆழத்திலுள்ள செல்களே உணர்கின்றன. அங்கிருந்து மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்கும், அதிலிருந்து விரைகளுக்கும் செய்தி போகிறது. சிட்டுக்குருவி அளவுள்ள பறவைகளில், கடுகு போலச் சுருங்கிக் கிடந்த விரை சில வாரங்களில் மொச்சைப் பருமனுக்கு வந்துவிடும்.

டெஸ்டோஸ்டிரோன் மூளையையே மாற்றுகிறது. ஆண் கானரிப் பறவையின் மூளையில் பாட்டுக்கென்று இருக்கும் ஒரு பகுதி, இலையுதிர் காலத்தைவிட வசந்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாக இருப்பதை 1981-இல் ஃபெர்னாண்டோ நாட்டெபோம் என்ற ஆய்வாளர் எழுதினார். அவ்வளவாகப் பாடாத பெண் கானரிக்கு இந்த ஹார்மோனைக் கொடுத்தால், அதுவும் ஆணைப்போலப் பாடத் தொடங்குகிறது.

இதில் பலரும் எதிர்பார்க்காத ஒரு திருப்பம் உண்டு. ஆண் ஜப்பானியக் காடையின் மூளைக்குள் போன டெஸ்டோஸ்டிரோனை அரோமடேஸ் என்ற நொதி, பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தைத் தடுத்தால், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தும் அந்தக் காடைக்குப் பெட்டைமேல் நாட்டம் குறைந்துவிடும். 'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்' என்று நாம் கட்டும் வேலி அந்தச் சின்ன மூளைக்குள் செல்லுபடியாகாது.

ஹார்மோன் கூடிக்கொண்டே போனால் நல்லதுதானே என்று தோன்றலாம். வட அமெரிக்காவின் ஜங்கோ குருவிகளில் எல்லன் கெட்டர்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதைச் செய்தே பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் கூட்டப்பட்ட ஆண்கள் அதிகம் பாடின, பெண்களையும் அதிகம் கவர்ந்தன. ஆனால் தங்கள் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருவதைக் குறைத்துக்கொண்டன, பிழைத்திருப்பதும் குறைந்தது. குஞ்சு வளர்ப்பில் ஆணும் பங்கெடுக்கும் பல இனங்களில், முட்டை பொரியும் நேரத்தில் இந்த ஹார்மோன் தானாகவே இறங்கிவிடுகிறது. விடியலில் ஓயாமல் பாடிக்கொண்டிருந்த அதே அலகில், சில நாட்களிலேயே ஒரு பச்சைப் புழு நெளிந்துகொண்டிருக்கும்.

நன்றி, வணக்கம்.