ஆர்டபிள்யூ டிஸ்க் ‘காலி’ என்று காட்டுகிறதா? ஃபார்மட் கொடுக்காதீர்கள்!

(காட்சி: மேசைமேல் யூ.எஸ்.பி. டிவிடி டிரைவ். பக்கத்தில், மார்க்கரில் ‘ஆண்டு விழா 2008’ என்று எழுதிய டிஸ்க். ஜன்னலுக்கு வெளியே குன்னூர் மழை.)

வணக்கம். எழுதி, அழித்து, மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கைப் போடுகிறீர்கள். டிரைவ் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. கடைசியில், ‘டிஸ்க் காலி, ஃபார்மட் செய்யவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. வேண்டாம், ரத்து செய்யுங்கள். பல சமயம் ஃபைல்கள் உள்ளேயேதான் இருக்கும். டிரைவால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

(காட்சி: ஒரு பாட்டு சிடி, ஒரு சிடி-ஆர்டபிள்யூ, விளக்கொளியில்.)

கடையில் வாங்கிய பாட்டு சிடி, தன்மேல் விழும் லேசர் ஒளியில் 70 சதவீதத்தையாவது திருப்பி அனுப்பும். சிடி-ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். அதற்குள் இருப்பது வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெலூரியம் கலந்த மெல்லிய படலம். லேசர் சூட்டில் உருகிச் சட்டென்று ஆறிய இடம் மங்கும், படிகமாக இறுகிய இடம் பளிச்சென்று இருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் டிரைவ் படிக்கிறது. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் எதிர் லாரியின் விளக்கைத் தேடுகிற மாதிரி வேலை இது.

அதனால், ‘பாட்டு சிடி நன்றாக ஓடுகிறதே, டிரைவ் சரியாகத்தான் இருக்கிறது’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். லேசர் தளர்ந்த டிரைவ்கூடப் பாட்டு சிடியைப் படித்துவிடும், ஆர்டபிள்யூவில்தான் திணறும். முதல் வேலை, வேறொரு டிரைவில் போட்டுப் பார்ப்பது. முடிந்தால் டிஸ்க்கில் எழுதவும் தெரிந்த ரைட்டர் டிரைவாக இருக்கட்டும்.

(காட்சி: டிரைவின் தட்டு திறக்கிறது, லென்ஸ் நெருக்கத்தில்.)

நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் உண்டு. ஊட்டியில் ஜனவரி உறைபனிக் காலத்தில், இரவு முழுக்கக் காரில் கிடந்த டிரைவை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்ததும் லென்ஸில் ஈரம் படியும். டிஸ்க்கிலும்தான். மின்சாரம் கொடுக்காமல் ஓரிரு மணி நேரம் அப்படியே விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும். டிஸ்க்கில் பூசணம் தெரிந்தால், ஈரமான மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால், விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளும், அதைப் படிப்பது டிரைவுக்கு இன்னும் கஷ்டம். சிடியின் மேல்பக்கத்தையும் கவனியுங்கள். படலம் அந்த மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது; அங்கே உரிந்துபோயிருந்தால் அந்த இடத்துத் தகவல் போனதுதான்.

(காட்சி: 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடி, பழைய கேம்கார்டர்.)

இப்போது இந்தக் குட்டி டிஸ்க். கல்யாணம், பள்ளி விழா என்று ஒரு காலத்தில் கேம்கார்டரில் எடுத்துக் குவித்தோமே, அதில் ‘ஃபைனலைஸ்’ என்று ஒரு வசதி உண்டு, பதிவை முடித்துவைத்து மற்ற கருவிகளும் படிக்கும்படி செய்வது. அதைச் செய்யாத டிவிடி-ஆர்டபிள்யூ கம்ப்யூட்டருக்குக் காலியாகத்தான் தெரியும். எடுத்த கேமராவிலேயே போட்டு ஃபைனலைஸ் கொடுத்தால் காட்சிகள் வந்துவிடும். கேமரா பழுதாகிவிட்டதா? ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள், ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க்கிலும் நேரடியாகத் தேடும். ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் மெல்லிய வாய் டிரைவ்களில் இந்தக் குட்டி டிஸ்க்கைப் போடாதீர்கள். மாட்டிக்கொள்ளும்.

டிரைவே கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால் கதை வேறு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் குறி உள்ள டிரைவை அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை மறுபடி துவக்குங்கள். டிஸ்க்கில் எழுதப் பயன்பட்ட பழைய பர்னிங் மென்பொருள் விட்டுப்போன மிச்சம்தான் பெரும்பாலும் காரணம்.

(காட்சி: ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலாகின்றன.)

டிஸ்க் திறந்ததா? முதலில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், பார்ப்பதெல்லாம் அப்புறம். அதன் பிறகும் டிஸ்க்கைப் பயன்படுத்த ஆசை என்றால், அவசர அழிப்பு வேண்டாம். அது உள்ளடக்கப் பட்டியலை மட்டும்தான் துடைக்கும். முழு அழிப்பு கொடுங்கள். 80 நிமிட சிடிக்கு 4 மடங்கு வேகத்தில் 20 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் தகராறு செய்தால் குப்பைக்கு அனுப்பிவிடலாம்.