டையோடு இருக்கட்டும், எர்த் போட்டீர்களா?

வணக்கம். குளித்தலைப் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவர், பேட்டரி இல்லாமலே ஓடும் கிரிஸ்டல் ரேடியோ பற்றிக் கேட்ட கேள்வி நான்கு நாளாக என் மனத்தைவிட்டுப் போகவில்லை. அதை அப்படியே படிக்கிறேன். "ஐயா, நீங்கள் சொன்னபடி பிவிசி பைப்பில் காயில் சுற்றி, கேங் கன்டென்சர், டையோடு எல்லாம் வைத்து கிரிஸ்டல் ரேடியோ செய்தேன். இயர்போனில் ஒரு சத்தமும் இல்லை. மூன்று டையோடு மாற்றிவிட்டேன். நல்ல டையோடு எங்கே கிடைக்கும்? பேட்டரி போடாததால்தான் கேட்கவில்லை என்று அப்பா சொல்கிறார், அது சரியா?"

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். எர்த், அதாவது மண்ணுக்குள் இறங்கும் கம்பி, போட்டீர்களா? ஏரியல், அதாவது அலையைப் பிடிக்க உயரத்தில் கட்டும் கம்பி, எவ்வளவு நீளம்? இவ்வளவு எழுதியவர் அந்த இரண்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: இந்த ரேடியோவில் பாதி மேசைமேல் இருக்கிறது, மீதிப் பாதி மொட்டைமாடியிலும் மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

1982இல் நான் லால்குடியில் ஒன்பதாம் வகுப்பு. பழைய சாமான் கடையில் வாங்கிய 2000 ஓம் ஹெட்போன், ஒரு ஜெர்மானியம் டையோடு, அவ்வளவுதான் என் சொத்து. எல்லாம் இணைத்து மூன்று நாள் உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. நானும் இந்தத் தம்பியைப் போலவே டையோடுமேல்தான் சந்தேகப்பட்டேன். எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் மாமா ஒருவர் இருந்தார். அவர் வந்து டையோடைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எர்த் கம்பி எங்கே போகிறது என்று கையாலேயே தடவிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். நான் அதை அடிபம்பில் சும்மா சுற்றி வைத்திருந்தேன். பம்பு முழுக்கத் துரு. மாமா கத்தியால் ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டினார், இரும்பு பளபளவென்று தெரிந்தது. கம்பி நுனியில் இருந்த எனாமல் பூச்சையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கட்டினார். அப்புறம் பம்படியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். உள்ளே வந்து ஹெட்போனைக் காதில் வைத்தேன். "மேட்டூர் அணையின் நீர்மட்டம்..." என்று ஒரு குரல். அந்த நீர்மட்டம் எத்தனை அடி என்று இன்று நினைவில்லை, ஆனால் அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

சரி, வருகிற அலையிலிருந்து குரலைப் பிரித்துக் கொடுக்கும் டையோடு பற்றிக் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓஏ79, 1என்34ஏ இரண்டில் எது கிடைத்தாலும் போதும். ஆனால் கடையில் பல நேரம் ஆரஞ்சு நிறத்தில் பொடியாக இருக்கும் 1என்4148ஐக் கொடுத்துவிடுகிறார்கள். அது சிலிக்கான். மல்டிமீட்டரில் டையோடு சோதனையில் வைத்துப் பாருங்கள். 0.2, 0.3 வோல்ட் என்று காட்டினால் ஜெர்மானியம். 0.6 காட்டினால் சிலிக்கான், மெல்லிய அலைக்கு அது கதவைத் திறக்காது. இன்னொன்று, செல்போன் இயர்போன் இதற்கு ஆகாது, அதன் தடை 16, 32 ஓம்தான். தடை மிக அதிகமான கிரிஸ்டல் இயர்போன் வேண்டும். அதை வைத்தால் அதன் இரு முனைக்கும் குறுக்கே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் டையோடு வழியே வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கிவிடும், சத்தம் அமுங்கிப்போகும்.

ஆனால் டையோடே எல்லாம் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1944இல் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் பதுங்கு குழிகளில் கிடந்த அமெரிக்க வீரர்கள் சவர பிளேடையும் பென்சில் கரியையும் தொட வைத்தே ரேடியோ கேட்டார்கள். டையோடு செய்யும் வேலையை அந்த பிளேடு செய்தது. அந்த ரேடியோவுக்கும் ஏரியல், எர்த் இரண்டும் வேண்டியிருந்தது. நம் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா என்ற ஈயத் தாதுவை வைத்து அலையைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு 1901இல் விண்ணப்பித்து, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர். அந்தத் தாதுக் கல்லின் வழியில் வந்ததுதான் இந்தக் கிரிஸ்டல் ரேடியோ.

இப்போது அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. பேட்டரி இல்லாமல் எப்படிக் கேட்கும்? பேட்டரி இருக்கிறது, உங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். நான் கேட்ட திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் 100 கிலோவாட், அதாவது ஒரு லட்சம் வாட். அது நாலா திசையும் பரவி, ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு உங்கள் கம்பியில் இறங்கினாலே காதுக்குத் தாராளம். இயர்போன் தகட்டை அசைப்பது நிலையத்தில் எரியும் மின்சாரம்தான். அதைப் பிடிக்க விரித்த வலைதான் ஏரியல். ஒரு முழக் கம்பி வலையாகாது. 15, 20 மீட்டர் வேண்டும், உயரத்தில் வேண்டும். ஏரியலில் வந்தது காயில் வழியாக மண்ணுக்கு இறங்கினால்தான் ஓட்டம் உண்டு. எர்த் இல்லாத கிரிஸ்டல் ரேடியோ வடிகால் அடைத்த வாய்க்கால் மாதிரி.

அதே திருச்சி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் 1960களில் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லைப் போட்டார்கள். "ரேடியோ நெல்" என்றே அதற்குப் பெயர் வந்தது. காற்றில் வந்த குரல் வயலில் விளைந்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

தம்பி, இப்படிச் செய்யுங்கள். இந்த ரேடியோ பிடிப்பது மீடியம் வேவ் அலையை. இப்போது பல ஊர்களில் அந்த ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால் முதலில் ஒரு சாதாரண ரேடியோவை மீடியம் வேவில் வைத்து உங்கள் வீட்டில் எந்த நிலையம் பலமாகக் கேட்கிறது என்று பாருங்கள். ஏரியலைக் கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். இடி மின்னல் வருகிற மாதிரி இருந்தால் கழற்றிக் கீழே இறக்கிவிடுங்கள். வீட்டு பிளக்கில் இருக்கும் எர்த்தை இதற்குத் தொடவே கூடாது. போர் பைப் இரும்பாக இருந்தால் சுரண்டிக் கட்டுங்கள். பிளாஸ்டிக்காக இருந்தால் நான்கடி இரும்புக் கம்பியை ஈர மண்ணில் அடியுங்கள்.

63 மில்லிமீட்டர் பைப்பில் 26 கேஜ் கம்பி 60 சுற்று என்றால் காயில் சுமார் 240 மைக்ரோ ஹென்றி வரும். நிலையத்தைப் பிடிக்கத் திருப்பும் 365 பிகோஃபாரட் கேங் கன்டென்சரில் தகடுகள் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போன இடத்தில் 936 இருக்கும். ஏரியலின் கொள்திறனும் கூடச் சேருவதால் தகடுகள் இன்னும் குறைவாக உள்ளே போன இடத்திலேயே வரலாம், மெதுவாகத் திருப்புங்கள். குரல் வந்ததும் இயர்போனைக் கழற்றி அப்பாவின் காதில் வையுங்கள்.