பள்ளிக்கூட அடுப்புக்குத் தனிப்பணம் வேண்டும்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

தலைமை தாங்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தொகுதிச் சேவை மையப் பிரதிநிதி அவர்களே, சுற்றுவட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஆலயத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, விடியற்காலையிலிருந்து பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மாதர் பிரிவுத் தாய்மார்களே, உங்களுக்கெல்லாம் என் நன்றி. இது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் வாழ்ந்த ஊர். 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி எழுந்த ஊர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

காசு, அடுப்பு, பால் என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் காசு. நம் பெரியவர்கள் சொல்வார்கள், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று. ஆர்.எம்.டி. என்று நாம் சொல்லும் கூடுதல் உணவுத் திட்டம் 1979-இலிருந்து நடக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு போடும் நல்ல திட்டம், அதில் சந்தேகமே இல்லை. தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு 2.50 வெள்ளி (ரிங்கிட்) என்று இருந்ததை 2022 பட்ஜெட்டில் 3.50 வெள்ளி ஆக்கினார்கள். நன்றி சொல்கிறேன். ஆனால் அதற்கப்புறம் நடந்ததையும் பாருங்கள். 2023 நவம்பரில் கோழிக்கு இருந்த உச்சவரம்பு விலையை எடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் முட்டை மானியம் நின்றது. தட்டில் வைக்க வேண்டிய இரண்டு முக்கியமான பொருளும் இன்றைக்குச் சந்தை சொல்லும் விலைக்குத்தான் கிடைக்கும். விகிதத்தை ஏற்ற ஏற்ற விலை முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த ஒரே தொகைக்குள்தான் அரிசி, மீன், காய், எண்ணெய், கேஸ், சமைக்கிற அம்மாவின் கூலி, கழுவுகிற ஆளின் கூலி, கேண்டீன் நடத்துகிறவரின் லாபம் எல்லாமே அடங்க வேண்டும். பொருள் விலை ஏறினால் எதைக் குறைப்பார்? ஆள் கூலியைக் குறைப்பார், அல்லது நறுக்கிச் சமைக்கிற வேலையைக் குறைப்பார். கங்குங் கீரையை ஆய்ந்து, மண் போகக் கழுவி, நறுக்கி வதக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும். பாக்கெட்டை வெட்டி எண்ணெயில் போடுவதற்கு ஆள் தேவையில்லை. நக்கெட், சோசேஜ் வேண்டாம் என்று கல்வி அமைச்சின் கேண்டீன் வழிகாட்டி சொல்கிறது, நல்லது. ஆனால் வேண்டாம் என்று சொல்லப் பணம் செலவாகாது, அந்த இடத்தில் புதுக்காயும் புதுமீனும் வைப்பதற்குத்தான் பணம் வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் எஸ்டேட் பெரியம்மா ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது.

ஆயாக் கொட்டகை தெரியும்தானே? இங்கே இருக்கிற பாதிப் பேர் அதில் வளர்ந்தவர்கள். விடிவதற்குள் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தாய்மார்கள் கைப்பிள்ளையைக் கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர் மரம் சீவப் போய்விடுவார்கள். ரப்பர் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை பிள்ளைகளுக்கு ஆயாதான் அம்மா. எங்கள் ஆயா விறகடுப்பில் பச்சைப்பயறு கஞ்சி வைப்பார். கொட்டகைக்குப் பின்னால் அவரே போட்ட கீரைப் பாத்தி இருந்தது. கீரையை மசித்து ஆளுக்கொரு மங்கில் ஊற்றுவார். ஒரு மாதம் பயறு வரவில்லை. அதற்குப் பதிலாகத் தகர டின்னில் ஏதோ மாவு வந்தது. தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் போதும், விறகும் மிச்சம், நேரமும் மிச்சம் என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆயா சண்டை போடவில்லை. மறுநாள் காலை பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, வருவதற்கு முன்பே அந்த மாவை ஒரு மங்கில் கலக்கி, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு நடந்து போனார். கிராணி வந்து உட்கார்ந்ததும் மேசையில் மங்கை வைத்து, "ஐயா, பசியாறுங்க" என்றார். என்ன ஆயா இது என்று கேட்டார் கிராணி. "பிள்ளைங்க பசியாறுறதுதான் ஐயா. நீங்களும் பசியாறுங்க, மத்தியானம் வரைக்கும் இதுதான், வேற ஒண்ணும் வாயில வைக்கக் கூடாது." மண்டோர், தண்டல் என்கிற மேற்பார்வையாளர்கள், சம்பளம் வாங்க வந்தவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். கிராணி இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய் இறங்கவில்லை. ஆயா நகரவே இல்லை, "இன்னும் பாதி இருக்குங்க ஐயா" என்றாராம். அடுத்த வாரமே பயறு மூட்டை வந்தது, விறகும் வந்தது. அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

(கைத்தட்டல் அவருக்கு. நன்றி.)

சரி, அடுப்புக்கு வருகிறேன். ஜப்பானில் பள்ளி மதிய உணவுக்கு 1954-இலேயே தனிச்சட்டம் போட்டார்கள். சமையலறை, பாத்திரம், சமைக்கிறவர்களின் சம்பளம் எல்லாம் பள்ளியை நடத்தும் உள்ளாட்சியின் பொறுப்பு, பெற்றோர் கொடுக்கும் கட்டணம் சமையல் பொருளுக்கு மட்டும் என்று அந்தச் சட்டம் பிரித்து வைத்தது. நம் பெற்றோரிடம் காசு வாங்கச் சொல்லி நான் இதைச் சொல்லவில்லை. கணக்கை இரண்டாகப் பிரித்தார்களே, அதைப் பார்க்கச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் காமராசர் போட்ட மதிய உணவும், 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் உங்களுக்குத் தெரிந்த கதைதான், நீட்ட மாட்டேன். அங்கே சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று அரசே ஆள் போட்டுச் சம்பளம் கொடுத்ததை மட்டும் கவனியுங்கள். காய் விலை ஏறினால் சமையலரின் கூலியில் கை வைக்க வேண்டியதில்லை. இங்கேயும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று தெரிந்தது. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம், காய் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நான் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதே இதற்காகத்தான். பிரேசில் நாட்டில் 2009-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடமிருந்து பொருள் வாங்க வேண்டும் என்றது அது. பிள்ளைக்குப் புதுக்காய் கிடைத்தது, விவசாயிக்கு உறுதியான வாடிக்கை கிடைத்தது. நம் வட்டாரத்திலும் கத்தரி, வெண்டை, பயித்தங்காய், கீரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்களும் அதில் உண்டு. ஆனால் அவர்களில் பலர் நிற்கிற நிலம் அவர்களுடையது இல்லை. சிலர் கையில் டி.ஓ.எல். என்கிற தற்காலிக உரிமம், அது டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். சிலரிடம் அதுவும் இல்லை. அடுத்த வருடம் இந்த மண்ணில் நிற்போமா என்று தெரியாதவர், பள்ளிக்கூடத்துக்கு வருடம் முழுக்கக் காய் தருகிறேன் என்று எப்படி ஒப்பந்தம் போடுவார்? பள்ளி புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசின் கையில், நிலம் மாநில அரசின் கையில். இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், சட்டிக்குள் போவது இந்த மண்ணில் விளைய வேண்டாமா?

முடியாது என்று யாரும் சொல்லாதீர்கள். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, ரப்பர் மரம் சீவிப் பிழைத்தவர்கள் மாதம் பத்து வெள்ளி போட்டுத் தோட்டமே வாங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் கேட்கிறோம், பத்து வருடக் குத்தகைக்கு. அதிகமா இது?

தலைவர் மணியைக் காட்டுகிறார். பாலைப் பற்றிப் பேச நேரமில்லை, சிறப்பு விருந்தினரும் அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்ப வேண்டும், மன்னிக்கவும். மனுவில் மூன்று கோரிக்கை எழுதியிருக்கிறோம். ஆர்.எம்.டி. சமையல்காரரின் கூலியும் கேஸும் பொருள் தொகைக்கு வெளியே தனியாக வர வேண்டும். காய்கறியில் ஒரு பங்கை வட்டாரச் சிறு விவசாயிகளிடம் வாங்க வேண்டும். அவர்களுக்கு வருட உரிமத்துக்குப் பதிலாக நீண்டகாலக் குத்தகை கொடுக்க வேண்டும். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது, மூன்றையும் வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். போடத் தெரியாத பெரியவர்கள் கைநாட்டு வைக்கலாம், மையும் வைத்திருக்கிறோம்.