கீதாவிடம் யாரும் கேட்கவில்லை

எல்லோருக்கும் வணக்கம். நம் சினிமாவில் காதலும் தியாகமும் கல்யாணமும் பற்றிப் பேச வேண்டும் என்றதும் எனக்கு எங்கள் அத்தை ஞாபகம்தான் வந்தது. டிவியில் 'கல்யாணப் பரிசு' போட்டால் வீடே வசந்திக்காக அழும். அத்தை மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கீதாதான்டா பாவம்" என்பாள். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவே இல்லை.

ஸ்ரீதர் இயக்கிய முதல் படம் அது, 1959-இல் வந்தது. அக்கா கீதா, தங்கை வசந்தி, இருவர் மனதிலும் பாஸ்கர். அக்காவின் ஆசை தெரிந்ததும் வசந்தி ஒதுங்கிக்கொள்கிறாள். அக்காவைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவனையும் இணங்க வைக்கிறாள். சரி, கீதா? தாலி ஏறும் நேரத்தில் மாப்பிள்ளையின் மனசு தன் தங்கையிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று அவளே சொல்லியிருக்கலாமே! அந்த வாய்ப்பைக்கூட அவளுக்குக் கொடுக்காமல் ஒரு வாழ்க்கையைக் கொடுத்துவிட்டார்கள். விட்டுக்கொடுத்தவளுக்காக அரங்கமே அழுதது. அந்தத் தியாகத்தோடு குடும்பம் நடத்தியவளைப் பற்றி அத்தை மாதிரி ஒரு சிலர்தான் நினைத்தார்கள்.

1981-இல் 'அந்த 7 நாட்கள்'. பாக்யராஜின் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது. மனைவியை அவளுடைய காதலனிடமே சேர்த்துவைக்க ஒரு கணவன் முன்வருகிறான். எவ்வளவு பெரிய மனசு! தன் காதலி இன்னொருவருக்கு மனைவியாகலாம், இன்னொருவர் மனைவி தனக்குக் காதலியாக முடியாது என்று காதலன் மறுத்துவிடுகிறான். அந்த வசனத்துக்கு நானும் கை தட்டியிருக்கிறேன். இப்போது பார்க்கும்போது உறுத்துகிறது. அவள் யாரோடு வாழ்வது என்பதை இரண்டு ஆண்கள் பேசித் தீர்க்கிறார்கள்.

இந்தியிலும் இதே கதைதான். 1995-இல் வந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்தில் அம்மாவே நகைகளைக் கொண்டுவந்து கொடுத்து, என் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்கிறாள். தான் விட்டுக்கொடுத்ததையெல்லாம் மகளும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தவித்தவள் அவள். ஆனால் நாயகனுக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும். கடைசியில் ரயில் கிளம்பும்போது அப்பா பிடித்திருந்த கையை விட்ட பிறகுதான் அந்தப் பெண் ஓட முடிகிறது.

அதனால்தான் 1986-இல் வந்த 'மௌன ராகம்' எனக்கு முக்கியமான படம். அதிலும் தியாகம் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று வேண்டுமென்றே நேரம் கழித்து வீட்டுக்கு வரும் திவ்யா, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் தலையாட்டிவிடுகிறாள். நம் ஊரில் எத்தனை சம்மதங்கள் இப்படி ஆஸ்பத்திரி வாசலில் வாங்கப்பட்டவை! அப்புறம் டெல்லியில் ஒருநாள் புருஷன் கேட்கிறான், உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று. விவாகரத்து என்கிறாள்.

அவன் இடிந்துதான் போகிறான். ஆனாலும் வக்கீலிடம் கூட்டிப் போகிறான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் மனு போட முடியாது என்கிறார் வக்கீல். அந்த ஒரு வருஷத்தில்தான் அவர்கள் சண்டை போட்டு, முகம் திருப்பி, ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள். தாலி கட்டும் முன்பே கிடைத்திருக்க வேண்டிய காலம் அது.

கடைசியில் அந்த விவாகரத்துப் பத்திரத்தை அவளே கிழிக்கிறாள். முதல்முறை அதைப் பார்த்தபோது அத்தை அழவில்லை. "பரவாயில்லைடா, இவளைக் கேட்டானே" என்றாள்.