குடலுக்கு உணவிடுவது எப்படி? மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் நம் பெண்களில் பலருக்கு இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு என்று இன்னொரு கிளினிக் அட்டையும் இருக்கும். புற்றுநோயை ஒரு டாக்டர் பார்க்கிறார், இனிப்பு நீரை வேறொருவர் பார்க்கிறார். இரண்டு நோயும் சந்திக்கும் இடங்களில் ஒன்று குடல். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட கோளாறுகள் கூட்டாக வருவதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். அது ஐந்து அளவுகளில் ஏதாவது மூன்று தவறியிருக்கும் நிலை. நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றில் சர்க்கரை லிட்டருக்கு 5.6 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 1.7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். 1.3 மில்லிமோலுக்குக் கீழே. மருந்தால் கட்டுப்பாட்டில் இருந்தாலும் அந்த அளவு கணக்கில் சேரும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் இடுப்பை அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் பாருங்கள்.

குடலுக்கும் மார்பகத்துக்கும் என்ன தொடர்பு? பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் பல மார்பகப் புற்றுநோய்களை வளரத் தூண்டும். உடலுக்குத் தேவைப்படாத ஈஸ்ட்ரோஜெனைக் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்துப் பித்தத்தில் விடுகிறது; அது மலத்தோடு போக வேண்டியது. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்ற நொதியால் அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். விடுபட்ட ஈஸ்ட்ரோஜென் மறுபடி இரத்தத்தில் ஏறும். மாதவிடாய் நின்றவர்களுக்கு உடற்கொழுப்பும் தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜென் உண்டாக்கும். இன்னொரு பக்கம், நார்ச்சத்து குறைந்தால், குடல் சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தரும் பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும், குடல் சுவர் தளரும், பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் இரத்தத்தில் கசியும். அதனால் வரும் அழற்சியில் இன்சுலினும் சரியாக வேலை செய்யாது.

இதைக் கேட்டவுடன் உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயோடிக் மாத்திரை வாங்கவும் மலப் பரிசோதனைக்குக் காசு கட்டவும் ஓடாதீர்கள். மலத்தில் எந்த பாக்டீரியா எவ்வளவு என்று பார்த்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை மாற்றும் அளவுகோல் இன்று இல்லை. அந்தப் பணத்தைச் சந்தையில் செலவிடுங்கள்.

நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். காலையில் ரொட்டி சானாய், மதியம் வெள்ளைச் சோறும் கோழிக் குழம்பும் என்றால் அதில் பாதிகூடத் தேறாது. வெந்த கொண்டைக்கடலை அரைக் கப்பில் சுமார் 6 கிராம் இருக்கிறது. நூறு கிராம் கொய்யாவில் சுமார் 5. கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நசுக்கினால் மாவாகும்வரை குக்கரில் வேகவையுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். பலர் முதல் நாளே ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டு, வயிறு உப்பி, மறுநாள் விட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் தினம் இரண்டு மேசைக்கரண்டி போதும். பிறகு வாரத்துக்கு வாரம் அன்றாட நாரை ஐந்து கிராம் கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள். சோயாவில் செய்த தெம்பே, தோஃபு சாப்பிடப் பயப்படுகிறவர்கள் உண்டு. உணவாகச் சாப்பிடும் சோயாவால் ஆபத்தில்லை. செறிவூட்டிய சோயா மாத்திரைதான் வேண்டாம்.

கீமோ நடக்கும் மாதங்களில் கணக்கே வேறு. மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில்தான் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது புண்பட்ட குடல் சுவர் வழியாக உயிருள்ள பாக்டீரியா இரத்தத்தில் நுழைந்துவிடலாம். அதனால் புரோபயோடிக் மாத்திரை, புளிக்கவைத்துச் செய்யும் தாப்பாய், இரவெல்லாம் ஊறிய பழைய சோறு, காய்ச்சாத பாலில் உறைந்த தயிர் எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். பழைய சோறு குடலுக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி இவர்களுக்குப் பொருந்தாது. வெந்த பருப்பும் தோல் சீவிய பழமும் போதும். வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரோன் மலச்சிக்கல் தரும், கூடவே கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். அந்த நாட்களில் சுண்டிய பால் ஊற்றிய தே தாரேக் வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் நாரைக் குறைத்துக் கஞ்சிக்கு மாறுங்கள். வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாகப் போனாலோ, காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனிப்பு நீருக்குத் தரும் மெட்ஃபோர்மின் மாத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். அது குடல் பாக்டீரியாக்களை மாற்றும் என்பது உண்மை. ஆனால் இனிப்பு நீர் இல்லாத 3,600-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த எம்.ஏ.32 ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை. வீட்டில் வேறொருவருடைய மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள். உங்களுக்கே எழுதித் தந்திருந்தால் உணவோடு சாப்பிடுங்கள். வயிறு கலக்கினால் நிறுத்திவிடாமல், மெதுவாகக் கரையும் வகை தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஈஸ்ட்ரோஜென் உண்டாவதைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரையில் இருப்பவர்களுக்குக் கொழுப்பு ஏறலாம். அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது கொழுப்பு அளவையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவைப் புற்றுநோய் டாக்டரிடமும் கிளினிக் டாக்டரிடமும் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.